சுறா தொடவே இல்ல, ஆனா ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனாரு: தெற்கு ஆரி அட்டோல் ஸ்னார்க்கல் ட்ரிப், நிகழ்வு ஆய்வு

இது மாலத்தீவுல, திமிங்கலச் சுறாவ ஸ்னார்க்கல் பண்ணி, அதாவது மாஸ்க்கும் மூச்சு ட்யூப்பும் போட்டுக்கிட்டு தண்ணி மேல மிதந்து பாக்கற ஒரு ட்ரிப்ல நடந்தது. அந்த தோணியில நானும் ஒரு பயணி. ரெஸ்க்யூ டைவர் கோர்ஸ் முடிச்சவன், மத்தபடி படகுல எனக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. பாதிக்கப்பட்டவரோட குடும்பமும் அன்னைக்கு வந்த கைடும் "எழுதுங்க, ஆனா பேரு வேணாம்"னு சொன்னாங்க, அதனால பேரு, கெஸ்ட்ஹவுஸ், தேதி எதுவும் இதுல இருக்காது. நான் கண்ணால பாத்தது எது, அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுகிட்டது எதுன்னு முடிஞ்ச வரைக்கும் பிரிச்சே எழுதியிருக்கேன்.

பின்னணி

ஆரி அட்டோல்ங்கறது வளையம் மாதிரி அமைஞ்ச ஒரு பவளத் தீவுக் கூட்டம். அதோட தெற்கு ஓரத்துல, ரங்காலி தீவுலேந்து திகுரா தீவு வரைக்கும் நீளமா போற வெளி ரீஃப் (பவளப் பாறைத் திட்டு) இருக்கு. 2009ல இந்த 42 சதுர கிலோமீட்டரையும் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியா அறிவிச்சாங்க. திமிங்கலச் சுறாவ வருஷம் பூரா பாக்க முடியற இடங்கள் உலகத்துல ரொம்ப கம்மி, அதுல இது ஒண்ணு. இங்க வர்றது பெரும்பாலும் இன்னும் பருவத்துக்கு வராத ஆண் சுறாங்க, அஞ்சாறு மீட்டர் நீளம் இருக்கும். ஆழத்துல குளிர்ந்த தண்ணியில இரை தேடிட்டு, உடம்ப சூடாக்கிக்கத்தான் ரீஃப் ஓரமா மேல வந்து சுத்துதுன்னு ஆராய்ச்சிக்காரங்க ஒரு விளக்கம் சொல்றாங்க. சுறா மேல இருக்கறதாலதான் டேங்க் மாட்டத் தெரியாதவங்க கூட மாஸ்க், ஃபின்ஸ் மட்டும் போட்டுக்கிட்டு அதைப் பாக்க முடியுது, இந்த ட்ரிப்பு இவ்வளவு பேருக்கு விக்கறதும் அதனாலதான்.

ட்ரிப் நடக்கற விதம் எல்லா படகுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். காலைல தோணி கிளம்பும், ரெண்டு பேர் மேல் தளத்துல நின்னுக்கிட்டு தண்ணியில நிழல் தெரியுதான்னு பாத்துக்கிட்டே வருவாங்க, நாம கீழ ஃபின்ஸை மடில வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ சும்மா உக்காந்திருப்போம். திடீர்னு மேலேந்து ஒரு சத்தம் வரும். அதுக்கப்புறம் எல்லாமே ஒரு நிமிஷத்துக்குள்ள நடந்தாகணும், மாஸ்க் மாட்டணும், விளிம்புல உக்காரணும், கைடு "கோ"ன்னா குதிக்கணும். அந்த ஒரு நிமிஷத்துல யாரும் யாரையும் கவனிக்கறதில்ல. இந்தக் கேஸை புரிஞ்சுக்க இது முக்கியம்.

அன்னைக்கு விருந்தாளிங்க ஒன்பது பேர். கோயம்புத்தூர் பக்கத்துலேந்து ஒரு குடும்பம், அப்பா, அம்மா, பொண்ணு, பையன்னு நாலு பேர். பெங்களூர்லேந்து புதுசா கல்யாணம் ஆன ஒரு ஜோடி, ரெண்டு ஜெர்மன் பெண்கள், அப்புறம் நான். படகு ஆளுங்கன்னா ஒரு கைடு, ஒரு உதவியாளர், கேப்டன், ஒரு பங்களாதேஷ் தம்பி.

கேஸ் அந்தக் குடும்பத்து அப்பாவப் பத்தினது. வயசு 56. கொஞ்ச வருஷமா பிபி இருக்கு, மாத்திரை எடுக்கறாரு, தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போறாரு, பாத்தா ஆரோக்கியமான ஆளுதான். சின்ன வயசுல கிணத்துல குதிச்சு வளந்தவரு, இப்பவும் கிளப் நீச்சல் குளத்துல போறவரு. அதனால இவர் மேல யாருக்கும் சந்தேகமே வரல. கைடு கண்ணு பூரா பெங்களூர் பொண்ணு மேலயும் இவரோட மனைவி மேலயும்தான் இருந்துச்சு, ஏன்னா அவங்க ரெண்டு பேரும் தண்ணின்னா பயம்னு முன்னாடியே சொல்லி லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. பயம்னு சொல்றவங்கள எல்லாரும் பாத்துப்பாங்க, நீச்சல் தெரியும்னு சொன்னவரை எவனும் பாக்க மாட்டான். இந்த மாதிரி படகுங்கள்ல இதை நான் திரும்பத் திரும்ப பாத்திருக்கேன்.

அன்னைக்கு காலைல நடந்த ரெண்டு விஷயம் அப்ப எங்க யாருக்கும் தெரியாது, அப்புறம் மனைவி சொல்லித்தான் தெரிஞ்சது. ஒண்ணு, அவர் எடுக்கற மாத்திரைல உடம்புத் தண்ணிய சிறுநீரா வெளியேத்தற மருந்தும் சேந்திருக்கு, படகுல டாய்லெட் எப்படி இருக்குமோன்னு நெனச்சு அன்னைக்கும் முந்தின நாளும் அதைப் போடல. ரெண்டாவது, வெயில் ஜாஸ்தின்னு கிளம்பறதுக்கு முன்னாடி ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒண்ணை முழுசா குடிச்சிருக்காரு. ரெண்டுமே நம்ம வீட்டு அப்பாக்கள் யாரும் செய்யக்கூடியதுதான்.

கிளம்பறதுக்கு முன்னாடி

கைடு கொடுத்த விளக்கம் நல்லாவே இருந்துச்சு, அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. சுறாவத் தொடக்கூடாது, உடம்புலேந்து மூணு மீட்டர், வால்லேந்து நாலு மீட்டர் தள்ளியே இருக்கணும், ஃபிளாஷ் போடக்கூடாது, முன்னாடி போய் வழிய மறிக்கக்கூடாதுன்னு எல்லாம் தெளிவா சொன்னாரு. பல்லு ஆயிரக்கணக்குல இருந்தாலும் ஒவ்வொண்ணும் அரிசி மணி அளவுதான், அது வடிகட்டித் திங்கற மீனு, உங்கள ஒண்ணும் பண்ணாதுன்னும் சொன்னாரு.

அவ்வளவு சொன்னவரு, சுறா என்ன வேகத்துல போகும், நீங்க எவ்வளவு நேரம் நீந்த வேண்டி வரும், மூச்சு வாங்கினா என்ன பண்ணணும், இதெல்லாம் சொல்லல. உடம்பு சம்பந்தமா ஒரே ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க, அதுல "எனக்கு நீந்தத் தெரியும், உடல்நலக் குறைவு இல்லை"ன்னு ஒரே வரியா இருந்துச்சு. பிபிய ஒரு குறையாவே அவர் நெனைக்கல, மாத்திரைல கட்டுக்குள்ளதான இருக்குன்னு கையெழுத்து போட்டுட்டாரு.

மாஸ்க் அவரோடது, முகம் முழுக்க மூடற டைப், இந்த ட்ரிப்புக்குன்னே ஆன்லைன்ல வாங்கினது. வாயில ட்யூப்பைக் கடிக்க வேணாம், மூக்காலயே மூச்சு விடலாம்னு அவருக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கைடு அதைப் பாத்துட்டு "இது லீக் ஆகாதா சார்?"னு மட்டும் கேட்டாரு.

முதல் குதிப்பு

மாமிகிலி தீவுக்கு நேரா வெளியில சுறா தெரிஞ்சப்ப அங்க ஏற்கனவே மூணு படகு நின்னுச்சு. சரியான முறைன்னா சுறா போற பாதைக்கு முன்னாடி, ஒதுங்கின பக்கமா ஆளுங்கள இறக்கணும், அதுவே நம்மள நோக்கி வந்து பக்கத்துல கடந்து போகும், நாம நீந்தவே வேண்டியதில்ல. அந்த இடத்துல வேற படகு நின்னதால எங்க கேப்டன் பின்னாடிதான் விட்டாரு. குதிச்ச எல்லாரும் வாலைப் பாத்துக்கிட்டே துரத்த ஆரம்பிச்சோம்.

துரத்திப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும் அது என்ன ஏமாத்து வேலைன்னு. அந்த மீனு சோம்பேறித்தனமா வாலை ஒரு ஆட்டு ஆட்டுது, பாக்கறதுக்கு ஏதோ கோயில் யானை ஊர்வலத்துல நடக்கற மாதிரி இருக்கு, ஆனா நொடிக்கு ஒரு மீட்டர் போகுது, ஃபின்ஸ் போட்ட ஒரு சாதாரண ஆளுக்கு அது கிட்டத்தட்ட முழு ஓட்டம், அதையும் தலைய தண்ணிக்குள்ள வெச்சுக்கிட்டு ட்யூப் வழியா மூச்சு விட்டுக்கிட்டே ஓடணும். நாலு படகு ஆளுங்களும் சேந்து முப்பது பேருக்கு மேல இருந்தோம். யாரோ வாலுக்கு ரொம்பக் கிட்ட போனாங்க, சுறா ஒருக்களிச்சு முதுகைத் திருப்பிக் காட்டுச்சு, கண்ணை உள்ள இழுத்துக்கிச்சு, அப்படியே சரிஞ்சு ஆழத்துக்குப் போயிடுச்சு. மொத்தமா அஞ்சு நிமிஷம் இருந்திருக்கும்.

ஏணில ஏறி வந்தவரு மாஸ்க்கைக் கழட்டிட்டு நல்லா இருமினாரு. மனைவி, "என்னங்க, மூச்சு வாங்குது பாருங்க, அடுத்த தடவ நீங்க இறங்க வேணாம்"னாங்க. அதுக்கு அவரு, "தண்ணி உள்ள போயிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல"ன்னு சிரிச்சாரு. பையன் "அப்பா செம ஸ்பீடா போனீங்க"ன்னான். கைடு அந்த நேரம் மேல் தளத்துல இருந்தாரு, இந்தப் பேச்சு அவர் காதுல விழல. இருமல் ரெண்டு மூணு நிமிஷத்துல குறைஞ்சுது, ஆனா சுத்தமா நிக்கல, அப்பப்ப தொண்டைய செருமிக்கிட்டே இருந்தாரு. பிந்தி டாக்டர் சொன்னதை வெச்சுப் பாத்தா பிரச்சனை ஆரம்பிச்சது இங்கதான். மாஸ்க்குக்குள்ள தண்ணி இல்லாமலே இருமல் வந்தா, உள்ள போச்சுன்னு அவர் சொன்ன தண்ணி எங்கேந்து வந்துச்சுங்கற கேள்விய அப்ப யாரும் கேக்கல.

ரெண்டாவது குதிப்பு

அரை மணி நேரம் கழிச்சு திரும்ப ஒரு நிழல். இந்தத் தடவ கூட்டம் கம்மி, ஒரே ஒரு படகுதான் முன்னாடி இருந்துச்சு. திரும்பவும் பின்னாடிதான் இறங்கினோம். நான் துரத்தல, ரீஃப் விளிம்புலயே மிதந்துக்கிட்டு இருந்தேன், அதனாலதான் அவரை என்னால பாக்க முடிஞ்சது.

முதல்ல வேகமா போனாரு. ஒரு நாப்பது ஐம்பது மீட்டர்ல கால் அடிக்கற வேகம் குறைஞ்சுது, நின்னு தலைய மேல தூக்கினாரு, மாஸ்க்குக்கு கீழ விரலை விட்டு இழுக்கறாரு, வரல, பின்னாடி இருக்கற பட்டை கிளிப்பைக் கை தேடுது. கத்தல, கைய வீசல. தண்ணியில மூச்சு முட்டறவங்க பெரும்பாலும் இப்படி சத்தமே இல்லாமத்தான் இருப்பாங்க. சாதாரண ஸ்னார்க்கலா இருந்தா வாயிலேந்து துப்பிட்டா போதும், காத்து வந்துடும். இதை மொத்தமா கழட்டினாத்தான் வாயும் மூக்கும் வெளிய வரும், கைல பதட்டம் இருக்கறப்ப அது சுலபம் இல்ல.

உதவியாளர்தான் கிட்ட இருந்தாரு. மிதவையோட போய் முதல்ல அதை அவர் நெஞ்சுக்குக் கீழ தள்ளிட்டு, அப்புறமா மாஸ்க்கைக் கழட்டினாரு. இந்த வரிசை சரி. மாஸ்க்க முதல்ல கழட்டியிருந்தா மிதக்க ஒண்ணும் இல்லாம முகத்துல அலை அடிச்சிருக்கும். நான் போய் சேர்றதுக்குள்ள அவர் மிதவைல சாஞ்சுட்டாரு, ஒரு வார்த்தை பேசறதுக்கு ரெண்டு மூச்சு தேவைப்பட்டுச்சு, மூச்சுல களகளன்னு ஒரு சத்தம்.

கைடு இந்த இடத்துல ஒரு முடிவு எடுத்தாரு, எனக்கு அது ரொம்ப முக்கியமா படுது. அவர் சுறா கூட முன்னாடி இருந்தாரு, எங்க பக்கம் திரும்பிப் பாத்ததும் நேரா ஓடி வரல. விசில் ஊதினாரு, கூட இருந்தவங்கள ஒண்ணா சேத்து நிறுத்தி, ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுக்கச் சொல்லிட்டு, படகுக்கு கையால சைகை காட்டிட்டு அதுக்கப்புறம்தான் வந்தாரு. ரீஃப் ஓரமா நீரோட்டம் இருக்கு, சிதறி இருக்கற ஆளுங்கள விட்டுட்டு வந்தா ஒருத்தருக்குப் பதிலா ரெண்டு மூணு பேரைத் தேட வேண்டியிருக்கும்னு பிந்தி சொன்னாரு.

கேப்டனும் அவசரப்படல. மகள் படகுலேந்து "சீக்கிரம் போங்க, அப்பா அங்க இருக்காரு"ன்னு கத்தறாங்க, அவங்க ரெண்டாவது தடவ இறங்காம மேலயே இருந்துட்டாங்க. ஆனா எங்களுக்கும் படகுக்கும் நடுவுல பெங்களூர் ஜோடியும் கைடு கூட்டமும் இருந்துச்சு. சுத்தி வந்து, காத்தடிக்கற பக்கத்துலேந்து நெருங்கி, இருபது மீட்டர்லயே இன்ஜினை நியூட்ரல் பண்ணிட்டு கயிறு வீசினாரு. அந்தச் சுத்துக்கு ஒரு நிமிஷம் கூடுதலா ஆச்சு. அந்தப் பகுதியில திரியற சுறாங்க நிறைய பேரு உடம்புல பிரொபெல்லர் வெட்டுத் தழும்பு இருக்கறத பாத்தவங்களுக்கு அந்த ஒரு நிமிஷம் ஏன்னு புரியும்.

படகுல

மேல ஏத்தினதும் படகுத் தம்பி அவரைப் படுக்க வெச்சு வயித்தை அமுக்கப் போனாரு. தண்ணி குடிச்சவங்கள இப்படிப் பண்ணணும்னுதான் எல்லா கடற்கரையிலயும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அவரே முடியாம தலைய ஆட்டி எழுந்திரிக்கப் பாத்தாரு, படுத்தா மூச்சே விட முடியல. நானும் கைடும் சேந்து பெஞ்சுல நிமிர உக்கார வெச்சு காலைத் தொங்கப் போட்டோம். வயித்தை அமுக்கினா வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள்ள போகற ஆபத்து இருக்கு, நிமிர்ந்து உக்காந்தா காலுக்கு ரத்தம் இறங்கி நெஞ்சுல பாரம் குறையும். மகள் ஈர டவலை எடுத்துட்டு காஞ்ச துணி போத்திவிட்டாங்க. குடிக்கத் தண்ணி கேட்டாரு, கொடுக்கல.

அந்தப் படகு ஒரு டைவ் சென்டரோட சேந்தது, அதனால ஆக்ஸிஜன் கிட் இருந்துச்சு. ஸ்னார்க்கல் மட்டும் நடத்தற பல படகுல இருக்காது. மனைவியோட ஹேண்ட்பேக்ல கொரோனா காலத்து ஆக்ஸிமீட்டர் ஒண்ணு இருந்துச்சு, அவங்க எங்க போனாலும் எடுத்துட்டுப் போவாங்களாம். விரலைத் துடைச்சு மாட்டினா 84 காட்டுச்சு. ஈரக் கை, குளிர், அதனால அந்த நம்பரை அப்படியே நம்ப முடியாது, ஆனா உதடு நிறத்தைப் பாத்தாலே போதும். இருமினப்ப டிஷ்யூல லேசா ரோஸ் நிறத்துல நுரை.

சிலிண்டர் ரெண்டு லிட்டர், 200 பார் அழுத்தம். அதாவது சுமார் 400 லிட்டர் ஆக்ஸிஜன். நிமிஷத்துக்கு 15 லிட்டர் விட்டா அரை மணி நேரம் கூட வராது. இந்தக் கணக்குதான் எங்க போறதுன்னு முடிவு பண்ணுச்சு. கெஸ்ட்ஹவுஸ் இருக்கற திகுராவுக்குப் போலாம், அங்க சாமான், பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் இருக்குன்னு பையன் சொன்னான், நியாயமான பேச்சுதான். கேப்டன் மாமிகிலின்னு சொல்லிட்டாரு. அதுதான் கிட்ட, ஹெல்த் சென்டர் இருக்கு, தேவைப்பட்டா ஏர்போர்ட்டும் அதே தீவுல. பேப்பரை வேற படகுல வரவழைச்சுக்கலாம்.

கிளம்பறதுக்கு முன்னாடி கைடு தலை எண்ணினாரு. அந்த நேரத்துல குடும்பம் கத்துது, நானே மனசுக்குள்ள "கிளம்புய்யா"ன்னுதான் நெனச்சேன். எண்ணினா ரெண்டு பேர் கம்மி. ஜெர்மன் பெண்கள் விசில் சத்தம் கேக்காம சுறாவோடயே போய், அந்த இன்னொரு படகு ஏணியப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கைடு அந்தப் படகைக் கூப்பிட்டு, அவங்கள ஏத்திக்கிட்டோம்னு வாயால சொல்ல வெச்சதுக்கப்புறம்தான் கைய அசைச்சாரு. அப்படியே கிளம்பியிருந்தா அந்த ரெண்டு பேரும் வெளிக்கடல்ல, எந்தப் படகும் தன்னோட ஆளுன்னு நெனைக்காத நிலைல இருந்திருப்பாங்க.

மாமிகிலி துறை வர்றதுக்குள்ள ஆக்ஸிமீட்டர் 93 தொட்டுச்சு. அவர் முழு வாக்கியமா பேசினாரு, முதல்ல பேசினது "மாஸ்க் எங்க?"ங்கறதுதான்.

ஆஸ்பத்திரியில

ஹெல்த் சென்டர்ல நெஞ்சுல ரெண்டு பக்கமும் கீழ கரகரப்பு கேக்குதுன்னாங்க, பிபி 180க்கு மேல. ஆக்ஸிஜனைத் தொடர்ந்து கொடுத்துக்கிட்டே, நீர் வெளியேற ஊசி போட்டாங்க. சாயங்காலம் ஸ்பீட்போட்ல மாலே கொண்டு போனாங்க. எக்ஸ்ரேல நுரையீரல்ல நீர் கோத்திருந்தது தெரிஞ்சுது, ஈசிஜி, ரத்தப் பரிசோதனைல ஹார்ட் அட்டாக்குக்கான அடையாளம் இல்ல. அடுத்த நாள் சாயங்காலமே நெஞ்சு கிட்டத்தட்ட சுத்தம், ஆக்ஸிஜன் இல்லாமலே 97. டிஸ்சார்ஜ் பேப்பர்ல எழுதினது இம்மர்ஷன் பல்மனரி எடிமா, அதாவது தண்ணில முழுகியிருக்கறப்ப நுரையீரல்ல நீர் கோக்கறது.

ஏன் இப்படி ஆகுது

இது புதுசா கண்டுபிடிச்ச வியாதி இல்ல. 1989லயே பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட்ங்கற பிரிட்டிஷ் இதய டாக்டரும் அவர் குழுவும், டைவ் பண்றவங்களுக்கும் நீந்தறவங்களுக்கும் குளிர்ந்த தண்ணியில இப்படி ஆகறத லான்செட் மருத்துவ இதழ்ல எழுதியிருக்காங்க, பிபியோட அதுக்கு இருக்கற தொடர்பையும் சொல்லியிருக்காங்க. ரொம்ப நாள் இது குளிர் நாட்டுப் பிரச்சனைன்னே இருந்துச்சு. சூடான தண்ணியிலயும் வரும்னு அப்புறம் தெரிஞ்சுது. ஹவாயில ஸ்னார்க்கல் பண்றப்ப ஏன் இவ்வளவு பேர் சாகறாங்கன்னு ஒரு ஆய்வு நடத்தினாங்க, அதுல தண்ணி குடிச்சு மூழ்கறத விட இந்த மாதிரி திடீர்னு நுரையீரல்ல நீர் கோக்கறது ஒரு முக்கியக் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. ட்யூப் வழியா மூச்சை இழுக்கறப்ப இருக்கற தடை, ஏற்கனவே இருக்கற இதயக் கோளாறு, கடுமையா நீந்தறது, இதையெல்லாம் காரணமா காட்டினாங்க.

நடக்கறது இதுதான். கழுத்து வரைக்கும் தண்ணியில இருந்தாலே கை கால்ல இருக்கற ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுது, நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் ஏறுது. அதோட வேகமா நீந்தினா இதயம் இன்னும் பம்ப் பண்ணுது. ட்யூப் வழியா மூச்சை இழுத்து இழுத்து விடறப்ப நுரையீரலுக்குள்ள ஒரு உறிஞ்சல் உண்டாகுது. பிபி ஏற்கனவே ஏறியிருந்தா இந்த எல்லாம் சேந்து, மெல்லிசான குழாய்லேந்து நீர் கசிஞ்சு காத்துப் பைக்குள்ள வருது. அதான் அந்தக் களகளப்பும் ரோஸ் நுரையும். இவர் விஷயத்துல மாத்திரை ரெண்டு நாள் இல்ல, உடம்புல தேவைக்கு மேல தண்ணி, முகம் மூடின மாஸ்க், பின்னாடியிருந்து ரெண்டு துரத்தல். இதுல எது ஒண்ணு இல்லாம இருந்திருந்தாலும் இது நடந்திருக்காதுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. எனக்குப் பட்டதைச் சொல்றேன், மாஸ்க் மேல பழிய போட்டுட்டுப் போறது சுலபம், எல்லாரும் அதைத்தான் பண்றாங்க, ஆனா அதே மாஸ்க்கோட அவர் ஒரு எடத்துல மிதந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுன்னுதான் நெனைக்கறேன். துரத்தினதுதான் பெரிய காரணம், துரத்த வெச்சது படகு நின்ன இடம்.

சுறாவும் இதுல ஒரு ஆள்

வீடியோக்கள எல்லாம் அப்புறம் போட்டுப் பாத்தோம். துரத்தினவங்க எல்லார்கிட்டயும் இருந்தது வாலு, வாலு, வாலு. திமிங்கலச் சுறாவ தனித்தனியா அடையாளம் கண்டுபிடிக்கறது செவுளுக்குப் பின்னாடி இருக்கற புள்ளிகள வெச்சு. நட்சத்திரங்களோட அமைப்பை ஒப்பிடறதுக்கு வானியல்காரங்க வெச்சிருந்த கணக்கு முறையை இதுக்கு மாத்தி 2005ல வெளியிட்டாங்க, இன்னைக்கு உலகம் பூரா அதுல ஃபோட்டோ சேக்கறாங்க. அதுக்குப் பக்கவாட்டுப் படம் வேணும். எங்க படகுல அந்த மாதிரி படம் ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது, அதுவும் பெங்களூர் பொண்ணு எடுத்தது. அவங்க பயத்துல லைஃப் ஜாக்கெட்டோட மிதவையப் பிடிச்சுக்கிட்டு நகராமயே இருந்தாங்க, முதல் குதிப்புல சுறா திரும்பறப்ப அவங்க பக்கமாத்தான் போச்சு.

முதுகைத் திருப்பறது, கண்ணை உள்ள இழுக்கறது, சரிஞ்சு ஆழத்துக்குப் போறது, இதெல்லாம் தொந்தரவுக்கு அது காட்டற பதில்னு ஆராய்ச்சிக்காரங்க பதிவு பண்ணியிருக்காங்க. ஆழத்துக்குப் போயிடுச்சுன்னா அது சூடேத்திக்க வந்த நேரமும் வீணு, அடுத்த படகுக்கு காட்டறதுக்கும் ஒண்ணும் இல்ல. ஆஸ்திரேலியாவோட நிங்காலூ ரீஃப்ல ஒரு சுறா கிட்ட ஒரு நேரத்துல ஒரு படகுதான், தண்ணியில பத்து பேர்தான், மத்த படகுங்க தள்ளி காத்திருக்கணும். அங்க படகை முன்னாடி கொண்டு போய் நிறுத்தறதுக்கு நேரம் இருக்கு, அதனால விருந்தாளியும் ஓட வேண்டியதில்ல. பிலிப்பைன்ஸ் ஓஸ்லாப்ல தீனி போட்டு ஒரே எடத்துல நிக்க வைக்கறாங்க, ஓட வேண்டாம்தான், ஆனா காட்டு மீனை படகை நம்பி நிக்கப் பழக்கறது வேற ஒரு தலைவலி, அது இந்தக் கேஸ்ல வராது.

என்ன மாத்தினாங்க

ஒரு வாரத்துக்குள்ள அந்த டைவ் சென்டர் சில விஷயங்கள மாத்திக்கிச்சு, கைடு எனக்கு மெசேஜ்ல அனுப்பினாரு. காலைல நேரா வெளி ரீஃபுக்குப் போகாம, முதல்ல உள் லகூன்ல, அதாவது ரீஃபுக்கு உள்பக்கம் இருக்கற தண்ணியில, பத்து நிமிஷம் எல்லாரும் இறங்கி நீந்திக் காட்டணும். யாருக்கு மூச்சு வாங்குது, யாருக்கு மாஸ்க் பொருந்தலன்னு அங்கயே தெரிஞ்சுடும், அவசரம் இல்லாத தண்ணியில. ஒரு வரி கையெழுத்துக்கு பதிலா அஞ்சாறு கேள்வி, அதுல "இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா"ன்னு ஒண்ணு. வயசு, பிபி சொன்னவங்கள இறங்க விடாம தடுக்கறதில்ல, உதவியாளர் கூடவே மிதவைய பிடிச்சுக்கிட்டு சுறாவுக்கு முன்பக்கமா இறங்கச் சொல்றாங்க. முகம் மூடற மாஸ்க் வெளி ரீஃப்ல கூடாது, அதுக்கு பதிலா சாதாரண மாஸ்க் இலவசம். ஏணி ஏறி வர்ற ஒவ்வொருத்தரையும் ஒரு ஆள் நின்னு பாக்கணும், இருமினாலோ மூச்சு வாங்கினாலோ அன்னைக்கு அவ்வளவுதான், தண்ணி குடிச்சிட்டேன்னு சொன்னாலும் சரி. ரெண்டாவது ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கியாச்சு.

இதுல ஏணிகிட்ட ஆள் நிக்கறதுதான் எனக்கு ரொம்ப உருப்படியா தெரியுது, காசு செலவே இல்லாதது அதுதான்.

அவர் ஊருக்கு வந்து இதய டாக்டரைப் பாத்தாரு. எக்கோல, அதாவது இதய ஸ்கேன்ல, இதயச் சுவர் கொஞ்சம் தடிச்சிருக்குன்னாங்க, ரொம்ப நாள் பிபியோட விளைவு, பல வருஷமா யாரும் பாக்காதது. மருந்து மாத்தினாங்க. இது ஒரு தடவ வந்தவங்களுக்கு திரும்ப வர வாய்ப்பு இருக்கு, அதனால ஸ்னார்க்கல், டைவ் ரெண்டும் வேணாம்னு சொல்லிட்டாங்க. நீச்சல் குளத்துல மெதுவா போறதுக்கு கூட பிபி கட்டுக்குள்ள வந்து டாக்டர் சரின்னு சொன்னப்புறம்தான். அவருக்கு இதுல கொஞ்சம் கோபம், "கிணத்துல இருபது அடிலேந்து குதிச்சவன் நான்"னு மகள் கிட்ட சொல்லிக்கிட்டே இருக்காராம்.

மாறாதது ஒண்ணு இருக்கு. சுறா ஒண்ணு மேல வந்தா எத்தனை படகு சேருதுங்கறது அந்த ஒரு சென்டர் கைல இல்ல. முன்பக்க இடம் கிடைக்கலன்னா இறக்காம காத்திருங்கன்னு கேப்டனுக்கு இப்ப சொல்லியிருக்காங்க. காத்திருந்த முதல் வாரத்துலயே ரெண்டு நாள் விருந்தாளிங்க சுறாவ பக்கத்துல பாக்காமலே திரும்பினாங்க, ஒரு குரூப் பணத்தைத் திருப்பிக் கேட்டுச்சு, கைடுக்கு டிப்ஸ் வரல. கேப்டன் இன்னும் காத்திருக்காரான்னு போன மாசம் கேட்டேன். "பெரும்பாலும்"னு பதில் வந்துச்சு.